படிப்பும் பிழைப்பும்

சென்ற மாதம் சம்பள நாளன்று, தோட்டத்து ஆபீஸில் கணக்கு முடிந்து ஆட்கள் கலைந்துபோன பிறகும், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் மட்டும் வாசற்படியை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார். சம்பளத்தில் ஏதேனும் குறைவோ என்று கருதி, "என்ன அண்ணே?" என்று வினவினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னது இது: "கிராணி ஐயா, பையன் இந்த வருஷம் மூன்றாம் படிவம் முடிக்கிறான். லாரிக்காரர் ஒருவர் உதவியாளாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இன்னும் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்திலே வைத்திருந்தால் மட்டும் என்ன வேலை கிடைத்துவிடப் போகிறது? நீங்கள் படித்தவர், ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

உடனே விடையளிக்க என் நா எழவில்லை. யான் ஆங்கில வழியிற் பயின்றவன். அப்படிப்பின் பயனாகவே வெயிலிற் காயாமல் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுகிறவன். இத்தகையவன் "படிக்க வையுங்கள்" என்று சொல்லுவது எளிது. ஆனால், அந்த இரண்டு ஆண்டுகளின் செலவை ஏற்கப்போகிறவர் அவரேயன்றி யானல்லன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு, அன்று மாலை கடலைக் கடந்து டத்தோ கிராமாட்டிலுள்ள என் வீட்டிற்கு வந்து சேர்ந்தேன். அன்றிரவு யோசித்ததையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் இங்கே வாசகர் முன் வைக்கின்றேன்.

அத்தொழிலாளியின் கேள்வி ஒரு குடும்பத்தின் கேள்வியன்று. மலேசியாவில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி 2003-ஆம் ஆண்டு முதற் கட்டாயமாக இருந்து வருகிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை 2025-இல் நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றியது. பள்ளி ஆண்டுகளைக் கூட்டினால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்பது ஆகவே நாடு முழுவதற்கும் உரிய கேள்வியாகும். இதற்கு ஆசையைக்கொண்டு விடை கூறலாகாது. சரித்திரத்தைக்கொண்டே விடை கூறுதல் வேண்டும். ஏனெனில், இந்நாட்டில் பள்ளி ஆண்டுகள் கூட்டப்படுவது இது முதற்றடவையன்று.

பழைய கணக்கை முதலிற் பார்ப்போம். பினாங்கில் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் 1816-இல் ஃப்ரீ ஸ்கூல் தோன்றியது. அதே ஆண்டில் அங்கே தமிழ் வகுப்பொன்றும் தொடங்கியதாகவும், மலாயாவில் தமிழ்க் கல்வியின் வரலாறு அதிலிருந்தே தொடங்குவதாகவும் சொல்லப்படுகிறது. ஆயினும் அப்பள்ளியும் அதன்பின் எழுந்த ஏனைய ஆங்கிலப் பள்ளிகளும் வளர்ந்தது தமிழுக்காகவன்று. கச்சேரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் துறைமுகத்துக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டமைக்காகவே. 1891-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை இந்தக் குடியேற்றங்களுக்கு வந்தது. ஏழாம் வகுப்பு, ஜூனியர், ஸீனியர் என்று ஒவ்வொரு படி ஏறுவதற்கும் ஒவ்வோர் உத்தியோகம் காத்திருந்தது. அக்காலத்தில் கூடுதலாக ஓராண்டு படித்தவனுக்குக் கூடுதலாகச் சில வெள்ளிகள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால், அதற்குக் காரணம் யாது? படித்தவர் சிலர், நாற்காலிகள் பல. கணக்கு அவ்வளவே.

தோட்டத்தின் கதை வேறு. மலாய் நாடுகளின் கூட்டரசில் 1912-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களிற் பள்ளிக்கூடம் வைக்க வழி செய்தது. வைத்தார்கள். எங்கே வைத்தார்கள்? லயத்தின் ஓர் ஓரத்தில். சில இடங்களில் ஆயாக்கொட்டகையின் மறுபாதியில். யார் கற்பித்தார்கள்? எழுத்தறிந்த தொழிலாளியோ, கங்காணியோ, என்னைப் போன்ற ஒரு கிராணியோ ஓய்வு நேரத்திற் கற்பித்தார்கள். நான்காம் வகுப்போடு பெரும்பாலும் எல்லாம் முடிந்தது. அதற்குமேல் ஏறுவதற்குப் படியே இல்லை. அங்கே நான்காண்டு படித்த சிறுவனும், ஓராண்டும் படிக்காத சிறுவனும் மறுநாட் காலையில் ஒரே பால்மரத்தின் அடியிலேதான் போய் நின்றார்கள்.

வாசகர் இதனைக் கவனித்தல் வேண்டும். நகரத்து ஆங்கிலப் பள்ளியில் ஓராண்டு என்பதும் ஆண்டுதான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஓராண்டு என்பதும் ஆண்டுதான். முன்னதன் முடிவில் ஒரு கதவு இருந்தது. பின்னதன் முடிவில் ஒரு சுவர் இருந்தது. குறை தமிழில் இல்லை. தமிழ்ப் பள்ளியை எதனோடும் இணைக்காமல் வைத்திருந்த ஏற்பாட்டில் இருந்தது. தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாகவே இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்துத் தோட்ட முதலாளிகளின் எண்ணம். பிறப்பால் தொழில் என்று நம் நாட்டிற் பிராமணியம் சொன்னதைக் கடல் கடந்த இடத்தில் ரப்பர் விலை சொல்லிற்று. வேறுபாடு பெரிதன்று.

நிற்க. சுதந்தரம் 1957-இல் வந்தது. அப்போதும் ஆறாம் வகுப்பின் முடிவில் ஒரு நுழைவுப் பரீட்சை வழிமறித்து நின்றது. அதில் தேறி இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. ஏனையோர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தெருவுக்கு வந்தனர். அவ்வயதுப் பிள்ளைக்கு வேலை கொடுப்பார் இல்லை. கொடுத்தாலும் அது பிள்ளையைத் தின்னும் வேலை. 1960-ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கை இக்கேட்டைச் சுட்டிக்காட்டி, பள்ளியை விடும் வயதைப் பதினைந்தாக உயர்த்துதல் வேண்டும் என்று கூறிற்று. 1961-இற் கல்விச் சட்டம் வந்தது. 1962-இல் தொடக்கப் பள்ளிச் சம்பளம் நீக்கப்பட்டது. 1964-இல் அந்த நுழைவுப் பரீட்சை ஒழிக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் தடையின்றி மூன்றாம் படிவம் வரை செல்லலாம் என்றாயிற்று. ஆறாண்டுப் படிப்பு ஒரே நாளில் ஒன்பதாண்டுப் படிப்பாயிற்று. கைத்தொழில், விவசாயம், வாணிபம், மனையியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பாடமாகக் கொள்ளவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தனர்.

இது பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒன்பது ஆண்டு பத்து ஆண்டாயிற்று. இடைநிலைப் பள்ளியின் மொழி வேறாகையால், 'ரிமூவ் கிளாஸ்' என்ற புகுமுக வகுப்பில் அவன் ஓராண்டு தங்கிச் செல்லுதல் வேண்டும். மொழியைப் பிடித்துக்கொள்ள அவ்வாண்டு பலருக்கு உதவிற்று என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும், தன்னோடு ஒரே நாளிற் பிறந்த அண்டை வீட்டுப் பிள்ளை முதற் படிவத்தில் இருக்க, தான் மட்டும் ஓராண்டு பின்தங்கி நிற்பது பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு எத்தகைய பாடம் கற்பித்திருக்கும்? அந்த ஓராண்டுக்கு பஸ் கூலி, சட்டை, புத்தகம் ஆகியவற்றின் செலவை யார் கொடுத்தார்? கட்டிப்பால் பொறுக்கி நாலு காசு கொண்டுவரக்கூடிய கையை ஓராண்டு சும்மா வைத்திருந்த நஷ்டம் யாருடையது? பெற்றோருடையதே. ஏழை பின்தங்கி நின்றதோடு, அப்படி நின்றதற்கான விலையையும் தானே கொடுத்தான்.

இனி வேலைக்கு வருவோம். 1965-இல் முதற் படிவம் புகுந்த பிள்ளைகள் 1967-இல் எல்.சி.இ. பரீட்சை எழுதினர், மேலே சென்றவர் 1969-இல் ஐந்தாம் படிவத்தை முடித்தனர். புகுமுக வகுப்பின் வழியாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் அவ்விரு நிலைகளையும் 1968-இலும் 1970-இலும் எட்டினர். அவர்கள் சான்றிதழைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பினாங்கு எந்த நிலையில் இருந்தது? நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக இத்தீவை வாழவைத்த சுங்கமில்லாத் துறைமுக உரிமை 1969-இற் பறிபோயிற்று. வேலைக்குத் தகுதியுள்ளவரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் வேலையின்றித் திரிந்தனர். மறுகரையிலும் உள்நாட்டிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1968-ஆம் ஆண்டின் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தமிழர் கப்பலேறினர்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பனுக்குச் சிவப்புக் கார்டு, மகனுக்கு எல்.சி.இ. சான்றிதழ். மகன் கூடுதலாகப் படித்த ஆண்டுகள் தகப்பனுடைய அனுமதிச் சீட்டைப் பெற்றுத் தருமா? துறைமுகத்துக்குக் கப்பலைக் கொண்டுவருமா? தரமாட்டா, கொண்டுவரமாட்டா. பள்ளிக்கூடம் ஆளைத் தயார் செய்யும்; வேலையைத் தயார் செய்யாது. கதவு அடைபட்டிருக்கும்போது வரிசையில் நிற்பவர் அனைவருக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தால், வரிசை குறைவதில்லை. சான்றிதழின் மதிப்பே குறைகிறது. முன்னே ஏழாம் வகுப்புக்குக் கிடைத்த வேலைக்கு எல்.சி.இ. கேட்டனர்; எல்.சி.இ.க்குக் கிடைத்த வேலைக்கு ஐந்தாம் படிவம் கேட்டனர். வேலை அதே வேலைதான்.

அப்படியானால் அந்த ஆண்டுகளெல்லாம் வீண்தானோ என்று கேட்கலாம். இங்கேதான் பினாங்கின் சரித்திரம் மற்றொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறது. 1969-இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் ஆட்சி, அவ்வாண்டிலேயே பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை நிறுவிற்று. 1972-இற் பாயான் லெப்பாஸில் சுங்கமில்லாத் தொழிற்பேட்டை எழுந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் முதலிய பன்னாட்டுக் கம்பெனிகள் வந்தன. அவை முதலிற் பெருவாரியாக அழைத்தது இளம் பெண்களை. கம்பெனி பஸ்கள் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் வந்து நின்றன. அவற்றில் ஏறிய பெண்களிற் பலர் மூன்றாம் படிவம் வரையிலோ, ஐந்தாம் படிவம் வரையிலோ படித்தவர்கள். சில ஆண்டுகட்கு முன் பயனற்றது என்று கருதப்பட்ட படிப்பு, கதவு திறந்தவுடன் நுழைவுச் சீட்டாக மாறிற்று. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டு ஆறாம் வகுப்போடு அடுப்படிக்கு அனுப்பிய வீடுகள் அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றன. தன் சம்பளத்தைத் தன் கையில் வாங்கிய பெண், கலியாணப் பேச்சிலும் ஒரு வார்த்தை பேசத் தொடங்கினாள். கூலி உயர்ந்ததென்றோ, வேலை இலேசானதென்றோ யான் சொல்லவில்லை. வழி பிறந்தது என்றே சொல்லுகிறேன்.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. கம்பெனிகள் வளர்ந்து நுட்பமான வேலைகள் பெருகியபோது, பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதவில்லை. 1989-இல் அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளரும் ஒன்றுகூடிப் பினாங்குத் திறன் மேம்பாட்டு நிலையத்தை அமைத்தனர். எந்த இயந்திரத்தை ஓட்ட ஆள் வேண்டுமோ அந்த இயந்திரத்தையே அங்கே கற்பித்தனர். நான்காண்டுப் பொதுப் படிப்பு தராததைச் சில மாதப் பயிற்சி தந்ததும் உண்டு. ஆனால், அப்பயிற்சியிற் புகுவதற்கு வாசிக்கவும், எண்ணவும், ஆங்கிலக் குறிப்பைப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருத்தல் வேண்டும். அதைத் தந்தது பள்ளிப் படிப்பே. ஆகவே அடித்தளம் வேறு, அதன்மேல் எழும் சுவர் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை வேண்டாமென்பது அறிவுடைமையாகாது.

பிற நாடுகளின் அனுபவமும் இதற்கு மாறுபட்டதன்று. பிரிட்டன் பள்ளியை விடும் வயதை 1947-இல் பதினைந்தாகவும், 1972-இல் பதினாறாகவும் உயர்த்திற்று. அதனாற் சம்பளம் உயர்ந்ததா என்று ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களுட் சிலர் பெரும் பயன் உண்டென்றனர். பின்னர் ஆராய்ந்த சிலர் பயன் உண்டு, ஆயினும் சிறிதே என்றனர். ஜெர்மனியிலோ, இரண்டாம் உலகப்போருக்குப் பின் எட்டாண்டுப் படிப்பு ஒன்பதாக்கப்பட்டதனாற் சம்பளத்தில் உயர்வு ஏதும் காணப்படவில்லை என்று பிஷ்கே, வான் வாக்டர் என்னும் இருவர் 2008-இல் எழுதினர். அங்கே பிள்ளைகள் அடிப்படைக் கல்வியை முன்னரே செவ்வையாகப் பெற்றுவிடுகின்றனர். பள்ளியை விட்டதும் தொழிற்கூடத்திற் பயிலுநராகச் சேர்ந்து தொழிலையும் கற்றுக்கொள்கின்றனர். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் ஒரு குவளை நீரை ஊற்றினால் என்ன பயன்?

இலங்கையின் கதை துயரமானது. 1945 முதல் இலவசக் கல்வி அளித்த அந்நாடு ஆசியாவிலேயே எழுத்தறிவிற் சிறந்து விளங்கிற்று. ஆனால், படித்த இளைஞருக்குத் தக்க வேலை பெருகவில்லை. 1971-இல் மூண்ட கிளர்ச்சியில் ஆயுதம் ஏந்தியவருட் பலர் படித்து வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர்கள். இலங்கை முதலிய நாடுகளை ஆராய்ந்த ரோனால்ட் டோர் என்னும் அறிஞர், சான்றிதழுக்காகவே படிக்கும் இந்நிலையை ஒரு நோய் என்றே பெயரிட்டு 1976-இல் ஒரு நூல் எழுதினார். நோய் படிப்பிலன்று, படிப்பைச் சான்றிதழாகவும், சான்றிதழை நாற்காலியாகவும் மட்டுமே காணும் கண்ணிலேயே உள்ளது. அந்த நோய் கிராணிமார் வீட்டில் மிகுதி என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். எழுதுகோல் பிடிப்பது உயர்வு, ஸ்பேனர் பிடிப்பது தாழ்வு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர் நாமல்லவா? இதுவும் ஒரு வருணாசிரமந்தானே!

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால் நான் கண்ட முடிவு இதுவாகும். ஆண்டுகளைக் கூட்டுவதனால் மட்டும் வேலை பிறந்துவிடாது. வேலையைப் பிறப்பிப்பது தொழிலும், அத்தொழிலை ஏழைக்கும் திறந்துவைக்கும் சட்டமுமே. ஆனால், கதவு திறக்கும் நாளில் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நிற்பவன் எப்போதும் குறையப் படித்தவனே. அதிகப் படிப்பு வேலைக்கு உறுதிச் சீட்டன்று. குறைந்த படிப்போ வேலையில்லாமைக்கு ஏறக்குறைய உறுதிச் சீட்டாகும். இவ்விரண்டும் ஒருங்கே உண்மை. முன்னதை மட்டும் சொல்லுகிறவர் ஏழையின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுக்கிறார். பின்னதை மட்டும் சொல்லுகிறவர் அவனுக்குப் பொய்யான ஆசை காட்டுகிறார்.

இக்காலத்தில் இவ்வுண்மை முன்னைவிடக் கூர்மையாயிருக்கிறது. முற்காலத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன் கையில் எல்.சி.இ. என்றோ, அதன் பின்வந்த வேறு பெயராலோ ஒரு சான்றிதழ் இருந்தது. ஆறாம் வகுப்பின் பொதுப் பரீட்சை 2021-இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பொதுப் பரீட்சை 2022-இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளைச் சிறு வயதிலே பரீட்சையால் வாட்டாதது நல்லதே. ஆயினும் அதன் விளைவு யாது? இப்போது ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். ஒன்றே முதற்பெரும் சான்றிதழ். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விடுகிறவன், ஒன்பதாண்டு படித்தும் வெறுங்கையோடு வெளியே வருகிறான். டத்தோ கிராமாட் சாலையில் ஒரு காலத்தில் ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. தோள்வலிமை ஒன்றையே சான்றிதழாகக் கேட்ட அத்தகைய வேலைத்தலங்கள் இன்று இந்நகரத்தில் அருகிவிட்டன.

ஆகவே அடுத்த வாரம் அத்தொழிலாளியைத் தேடிச் சென்று என் கருத்தைச் சொன்னேன். "அண்ணே, லாரியிலே இன்று கிடைக்கும் கூலி நாளைக்கும் அதே கூலியாகத்தான் இருக்கும். பையனைப் பள்ளியை விட்டு எடுக்காதீர்கள். அவனுக்குப் புத்தகத்தைவிட இயந்திரத்திலே நாட்டம் இருந்தால், மூன்றாம் படிவம் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிப்பும் தொழிலும் சேர்ந்து கிடைக்கும். விண்ணப்பம் நான் எழுதித் தருகிறேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "பஸ் காசுக்கு?" என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரை முழுவதற்கும் மேலானது. பள்ளி ஆண்டுகளைக் கூட்டுவது சர்க்காருக்கு ஒரு மசோதா. ஏழைக்கு அது மாதந்தோறும் வரும் செலவு. கட்டாயம் என்று சட்டம் சொன்னால், அக்கட்டாயத்தின் விலையையும் சட்டமே கொடுத்தல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பஸ் வேண்டும். நண்பகலிற் சோறு வேண்டும். கூட்டப்பட்ட ஆண்டுகளிற் கைத்தொழிலும் இயந்திரமும் இருக்கவேண்டும். மொழிக்காக ஓராண்டு தங்கும் பிள்ளைக்கு அவ்வாண்டு தண்டனையாகாமல் துணையாக இருக்கவேண்டும். நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் திருவிழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

இவற்றைக் கேட்பது நமது உரிமை. கேட்கும்வரை, பஸ் காசை நாமே பகிர்ந்துகொள்வது நமது கடமை. அப்பையனுடைய இந்த மாதத்துப் பஸ் காசுக்கு எங்கள் தோட்டத்து ஆபீஸ் ஊழியர் நால்வர் பொறுப்பேற்றிருக்கிறோம். அடுத்த மாதத்துக்கும் ஏற்போம். ஆனால், நால்வர் கையால் ஒரு தோட்டம் முழுவதும் படித்துவிட முடியாது என்பதையும் வாசகர் அறிவார்களாக.